துப்பாக்கி ஏந்தாதோரின் கணக்கு

வீரப்பன் குறித்த இரண்டு ஆவணத் தொடர்கள்: ஒரு மதிப்பீடு

ஹதீஸ் கலைப் பாடம் முடிந்த ஒரு மாலைப்பொழுதில் இறுதியாண்டு மாணவர் ஒருவர் நம்மிடம் ஒரு வினாவோடு வந்தார். விடுதியில் தங்கிப் பயிலும் அவரும் அவருடைய தோழர்களும், விடுமுறை நாளொன்றில், வீரப்பன் பற்றிய ஆவணத் தொடர்களைக் கைப்பேசியில் பார்த்து முடித்திருந்தனர். "ஹஜ்ரத், அதிகாரி பேசும்போது அவர் சொல்வது உண்மை என்று படுகிறது. வீரப்பனின் மனைவி பேசும்போது அவர் சொல்வதும் உண்மை என்றே படுகிறது. வீரப்பனே பேசும்போது அதையும் தள்ள முடியவில்லை. இவற்றுள் எதை ஏற்பது?" என்று அவர் கேட்டார்.

தொடரின் விறுவிறுப்பைப் புகழ வருகிறார் என்று எண்ணியிருந்த நமக்கு அவ்வினா வியப்பையும் மகிழ்ச்சியையும் ஒருங்கே அளித்தது. உத்திரமேரூரைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்து ஓத வரும் பிள்ளைகள் கைப்பேசியில் எதைப் பார்க்கிறார்கள் என்று கவலைப்படுவோர் நம்மிடையே பலர். பார்ப்பதை எவ்வாறு எடைபோடுவது என்று கற்பிப்போர் சிலரே. மாணவருக்கு விடை சொல்லும் பொருட்டு நாமும் அத்தொடர்களைப் பார்த்தோம். பார்த்தபின் எழுந்த எண்ணங்களையே இங்கு வாசகர்முன் வைக்கிறோம்.

துப்பாக்கிச் சமர் என்னும் கலைவகை

படையினரும் காவலரும் ஈடுபட்ட உண்மைத் துப்பாக்கிச் சண்டைகளைத் தொடராக்கிக் காட்டுவது இன்று தனியொரு கலைவகையாகவே வளர்ந்துவிட்டது. அமெரிக்காவின் ஹிஸ்டரி தொலைக்காட்சி 2005ஆம் ஆண்டு தொடங்கி ஒளிபரப்பிய 'ஷூட்அவுட்' என்னும் தொடரை இதற்கு நல்ல மாதிரியாகக் கொள்ளலாம். 1997 பிப்ரவரி 28 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வடக்கு ஹாலிவுட் பகுதியில் உடற்கவசம் அணிந்த வங்கிக் கொள்ளையர் இருவர் காவலரோடு பொருதிய நிகழ்ச்சி அதில் இடம்பெற்றது. 2004 நவம்பரில் இராக்கின் ஃபல்லூஜா நகரில் நடந்த தெருச் சண்டையும் இடம்பெற்றது. இரண்டையும் அத்தொடர் ஒரே இலக்கணத்தில்தான் சொல்லிற்று. கணினி வரைபடத்தில் தெருக்கள் எழும். தோட்டா சென்ற வழி கோடாகப் பாயும். ஆயுதத்தின் திறன் விளக்கப்படும். சண்டையில் உயிர்தப்பிய வீரர் அமர்ந்து நினைவுகூர்வார்.

இந்த இலக்கணத்தில் ஒரு சிக்கல் உண்டு. வங்கிக் கொள்ளையர் இருவரைச் சுற்றி வளைப்பதும், குடும்பங்கள் வாழ்ந்த ஒரு நகரத்தைச் சுற்றி வளைப்பதும் அதனுள் ஒன்றுபோலவே தோற்றமளிக்கும். பள்ளிவாசல்களின் நகரம் எனப் பெயர்பெற்ற ஃபல்லூஜா, அத்தகைய படத்தில் கூரைகளும் முட்டுச்சந்துகளுமாக மட்டுமே எஞ்சும். அங்கே வாழ்ந்தோர் யார், எங்குச் சென்றனர், திரும்பி வந்தபோது எதைக் கண்டனர் என்பன இவ்வகைப் படங்கள் எழுப்பும் வினாக்கள் அல்ல. துப்பாக்கி வைத்திருந்தவருக்கு மட்டுமே அங்குப் பெயரும் முகமும் உண்டு.

சமரில் மடிந்தவனைப் போற்றுவது தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. வீரப்பன் உலவிய தருமபுரிப் பகுதியே நடுகற்கள் மிகுந்த நிலம். ஆநிரை கவரச் சென்று மடிந்தவனுக்கும், கவர்ந்த ஆநிரையை மீட்கச் சென்று மடிந்தவனுக்கும் நம் முன்னோர் கல் நட்டிருக்கின்றனர். கவர்ந்தவன், மீட்டவன் ஆகிய இருவரையும் வீரனாகக் காணும் அந்த நெடிய மரபு நம் குருதியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது போலும். வீரப்பனை முன்மாதிரியாகக் கொண்ட வில்லனை 1991இல் 'கேப்டன் பிரபாகரன்' காட்டிற்று. பின்னர் மக்கள் தொலைக்காட்சியில் வ. கௌதமன் இயக்கிய 'சந்தனக்காடு' தொடரும், 2013இல் 'வனயுத்தம்' படமும், 2016இல் 'கில்லிங் வீரப்பன்' படமும் வந்தன. அவையெல்லாம் புனைவுகள். 2023இல் வந்த இரண்டு தொடர்களோ தம்மை ஆவணம் என்று அறிவித்துக்கொண்டவை. ஆகவே அவற்றை ஆவணத்துக்குரிய அளவுகோல் கொண்டே அளக்க வேண்டும்.

இரண்டு தொடர்களும் அவற்றின் சிறப்பும்

முதலாவது, செல்வமணி செல்வராஜ் இயக்கத்தில் 2023 ஆகஸ்ட் 4 அன்று நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் வெளியான 'தி ஹன்ட் ஃபார் வீரப்பன்'. நான்கு பகுதிகள் கொண்டது. வீரப்பனின் மனைவி முத்துலட்சுமி, அவரைத் தேடிய காவல்துறையினர், செய்தியாளர்கள், உடனிருந்தோர் ஆகியோரின் கூற்றுகளை மாற்றி மாற்றி அடுக்கி, ஒருவர் சொல்வதை மற்றவர் சொல்வதோடு உரசவிடுகிறது. இரண்டாவது, சரத் ஜோதி இயக்கத்தில் 2023 டிசம்பர் 14 அன்று ஜீ5 தளத்தில் வெளியான 'கூச முனிசாமி வீரப்பன்'. ஆறு பகுதிகள் கொண்டது. 1990களில் நக்கீரன் இதழின் செய்தியாளர்கள் காட்டுக்குள் சென்று எடுத்துவந்த ஒளிப்பதிவுகளே இதன் முதுகெலும்பு. வீரப்பன் தம் கதையைத் தாமே, சிரித்தும் சினந்தும் நடித்துக் காட்டியும் சொல்கிறார்.

இவ்விரு தொடர்களும் முன்பு சொன்ன அமெரிக்க மாதிரியைவிட உயர்ந்தவை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மாதிரி ஒரு தரப்பை மட்டுமே பேசவிடும். இவையோ எதிர்த்தரப்பையும் அமரவைத்துக் கேட்கின்றன. கட்டப்பட்டும் தொங்கவிடப்பட்டும் துன்புற்ற மலைக்கிராமத்து மக்களின் குரல் நம் இல்லங்களுக்குள் இவ்வளவு தெளிவாக வந்தது இதற்குமுன் அரிது. குறிப்பாக இரண்டாம் தொடரில் அம்மக்கள் தம் மொழியில், தம் வீட்டுத் திண்ணையிலிருந்து பேசுவதுபோல் பேசும் இடங்கள் நெஞ்சை உலுக்குவன. ஆயினும் நம் மாணவரின் வினா அப்படியே நிற்கிறது. அனைவரையும் பேசவிட்டால் மட்டும் உண்மை வெளிப்பட்டுவிடுமா?

அறிவிப்பாளரும் இடைச்செருகலும்

நம் மதரஸாக்களில் பயில்வோர் இவ்வினாவை எதிர்கொள்ள ஒரு கருவியை ஏற்கெனவே கையில் வைத்திருக்கின்றனர். ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரிக்குமாறு திருக்குர்ஆன் (49:6) பணிக்கிறது. அப்பணிப்பை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் ஹதீஸ் அறிஞர்கள். சொல்பவர் யார், அவர் நிகழ்ச்சியைக் கண்டவரா கேட்டவரா, யாரிடமிருந்து கேட்டார், அச்செய்தியால் அவருக்கு ஆதாயம் உண்டா, அதே செய்தி வேறு வழியிலும் வந்திருக்கிறதா என்று அவர்கள் வினவினர். அறிவிப்பாளரின் உருக்கமும் கண்ணீரும் நாவன்மையும் அவர்களுடைய அளவுகோலில் இடம்பெறவில்லை. மெய்யாகவே நம்பிப் பேசும் நல்லவரும் நினைவு பிறழக்கூடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் தொடர்களின் வலுவும் நலிவும் புலப்படும். வீரப்பனின் சொந்தக் கூற்று அரிய சான்று என்பதில் ஐயமில்லை. ஆனால் அது தன் வழக்கைத் தானே வாதிடுபவரின் கூற்று. தாம் செய்த கொலைக்கு அவர் காரணம் கற்பிக்கும்போது, கொலையுண்டவர் எழுந்து மறுமொழி கூற இயலாது. நடிகர்க்குரிய கவர்ச்சியோடு அவர் பேசுவதால், பார்ப்பவர் ஒரு கணம் அந்த மறுபக்கத்தை மறந்துவிடுகின்றனர். நக்கீரன் கோபால் அவர்களின் சாட்சியமும் இவ்வாறே இருமுனை கொண்டது. 2000ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று கன்னட நடிகர் ராஜ்குமார் தொட்டகாஜனூரில் கடத்தப்பட்டு 108 நாள் பிணையிலிருந்தபோது அரசின் தூதராகக் காட்டுக்குச் சென்றவர் அவர். 2003இல் பொடா சட்டத்தின்கீழ் சிறைப்பட்டவரும் அவரே. நிகழ்ச்சியில் பங்கேற்றவர் என்பதால் அவருடைய கூற்று மதிப்புடையது. அதே காரணத்தால் சோதித்து ஏற்க வேண்டியது. இந்த வேறுபாட்டைப் பார்ப்பவருக்கு உணர்த்த வேண்டிய கடமை ஆவணப்படத்துக்கு உண்டு. சாட்சிகளை நிரல்படுத்தும் இத்தொடர்கள் அவர்களை ஒருவருக்கொருவர் எதிராக நிறுத்துவதோடு அமைகின்றன. குறுக்கு விசாரணை செய்வது அரிதாகவே உள்ளது.

இதனினும் நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. ஹதீஸ் கலையில் 'முத்ரஜ்' என்று ஒரு வகை பேசப்படும். அறிவிப்பாளர் தம் விளக்கமாகச் சொன்ன சொற்கள் மூலச் செய்தியோடு கலந்து, கேட்பவர் அதையும் மூலமென்றே கொள்ளும் நிலை அது. அதை இடைச்செருகல் எனலாம். ஆவணத் தொடர்களில் வரும் மீள்நடிப்புக் காட்சிகளை நாம் இவ்வகையில் சேர்க்கிறோம். ஒருவர் "இருட்டில் நடந்தோம்" என்று இரண்டு சொல் சொல்கிறார். உடனே திரையில் மூங்கில் காடும், மூடுபனியும், துப்பாக்கி ஏந்திய நிழலுருவங்களும் விரிகின்றன. இருட்டை மட்டுமே அவர் சொன்னார். பனியைச் சேர்த்தது இயக்குநர். அடுத்த நொடியில் மெய்யான பழைய ஒளிப்பதிவு வருகிறது. இரண்டுக்கும் ஒரே இசை, ஒரே வண்ணம். எது மூலம், எது செருகல் என்று பிரித்துணரப் பயிற்சியற்ற கண்ணால் இயலாது. இக்காட்சிகள் பெரிய பொய்யைச் சொல்வதில்லை என்பது மெய்தான். ஆனால், 'நான் கண்டேன்' என்று ஒருவர் நாளை சொல்லும்போது, அவர் கண்டது இயக்குநரின் கற்பனையாக இருக்கக்கூடும்.

துப்பாக்கி ஏந்தாதவர்கள்

நம்முடைய முதன்மையான குறை வேறொன்று. இவ்வரலாற்றை வேட்டை என்றும் சமர் என்றும் வடிவமைத்த மாத்திரத்தில், அதன் மையம் துப்பாக்கி ஏந்தியவர்களுக்கு உரியதாகிவிடுகிறது. ஆனால் அக்காட்டின் வரலாற்றைத் திருப்பிய நிகழ்ச்சிகளுள் பல, ஆயுதமற்றோர்மீது நடந்தவை.

முதற்சான்று, வனத்துறை அதிகாரி பி. சீனிவாஸ் அவர்களின் கொலை. வீரப்பனின் பிறந்த ஊரான கோபிநத்தத்தில் மக்களோடு தங்கி, அவர்களுக்கு மருத்துவ உதவி செய்து, மாரியம்மன் கோயிலும் எழுப்பித் தந்தவர் அவர். தண்டனையைவிடத் திருத்தத்தில் நம்பிக்கை வைத்தவர். வீரப்பன் சரணடைவார் என்னும் வாக்கை நம்பி, 1991 நவம்பர் 10 அன்று ஆயுதமின்றிச் சென்றார். அவர் கொல்லப்பட்டுத் தலை கொய்யப்பட்டது. மறைவுக்குப்பின் கீர்த்தி சக்கரம் விருது வழங்கப்பெற்றது. இதில் சமர் ஏதுமில்லை. காட்டுவதற்குத் துப்பாக்கிச் சண்டையும் இல்லை. அதனால்தானோ என்னவோ, சமர் என்னும் வடிவத்துக்குள் அவர் ஒரு முன்கதையாகச் சுருங்கிப்போகிறார். நம் நோக்கில் அவரே இக்கதையின் மையத்தில் நிற்கத் தக்கவர். வீரப்பனை உருவாக்கிய வறுமைக்கு மாற்று இருந்தது என்பதற்கு அவருடைய வாழ்வு சான்று. அந்த மாற்றையே வீரப்பன் கொன்றார் என்பதை அவருடைய சிரிப்பின் கவர்ச்சியில் மயங்குவோர் மறத்தல் ஆகாது.

இரண்டாவது சான்று, 1993 ஏப்ரல் 9 அன்று பாலாறு அருகே நிகழ்ந்த கண்ணிவெடித் தாக்குதல். அதில் 22 பேர் மாண்டனர். காவல் கண்காணிப்பாளர் கோபாலகிருஷ்ணன் படுகாயமுற்றார். மாண்டோருள் பெரும்பாலோர் காவலர் அல்லர். தகவலும் வழியும் காட்ட வண்டியில் ஏற்றப்பட்ட எளிய மனிதர்கள். வீரப்பனுக்கு அவர்கள் காட்டிக்கொடுப்போர். காவல்துறைக்கு அவர்கள் கருவிகள். தமக்கென ஒரு கதை அவர்களுக்கு எந்தத் தரப்பிலும் இல்லை.

காவலர்களின் துயரத்தையும் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. 1992 ஆகஸ்ட் 14 அன்று, பொய்த் தகவல் ஒன்றை நம்பிச் சென்று, மீணியம் அருகே பதுங்கித் தாக்கப்பட்டு உயிரிழந்தோருள் மைசூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் ஹரிகிருஷ்ணாவும் உதவி ஆய்வாளர் ஷகீல் அகமதும் அடங்குவர். கடமைக்காகச் சென்று திரும்பாத இவர்களின் இல்லங்களிலும் தாய்மார் அழுதனர். வீரப்பனை ஏழைகளின் காவலனாகவோ ஓர் இனத்தின் தலைவனாகவோ தூக்கி நிறுத்துவோர் இந்த இல்லங்களின் வாசலில் சற்று நின்று செல்ல வேண்டும்.

மூன்றாவது சான்று, மலைக்கிராமங்களின் பழங்குடி மக்களும் ஏழை உழவர்களும். 1993க்குப் பிந்தைய தேடுதல் வேட்டையில் தமிழக, கர்நாடக அதிரடிப்படைகளால் பிடித்துச் செல்லப்பட்ட இவர்களுள் பலர் சட்டத்துக்குப் புறம்பாக அடைக்கப்பட்டு வதைக்கப்பட்டதாகப் புகார்கள் எழுந்தன. மாதேசுவரன் மலையிலிருந்த வதைக்கூடத்துக்கு 'ஒர்க் ஷாப்' என்று பெயராம். மனிதரைப் பழுதுபார்க்கும் பட்டறை! தடா சட்டத்தின்கீழ் மைசூர் தனி நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டோர் ஏறத்தாழ எட்டு ஆண்டுகளைச் சிறையில் கழித்தபின், 2001 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. 14 பேர் தண்டிக்கப்பட்டனர்; நூற்றுக்கும் மேற்பட்டோர் விடுவிக்கப்பட்டனர். வாழ்நாள் தண்டனையை எதிர்த்து மேல்முறையீடு செய்த நால்வருக்கு 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தூக்குத் தண்டனையாகவே அதை உயர்த்திற்று. கருணை மனுக்களின் காலதாமதம் கருதி, 2014 ஜனவரி 21 அன்று அதே நீதிமன்றம் அவர்களின் தூக்கை நீக்கிற்று. இந்த இருபதாண்டுக் காத்திருப்பில் ஒரு தோட்டாவும் வெடிக்கவில்லை. ஆகவே அது காட்சியாவது கடினம். தடா என்னும் சொல்லின் பொருளை நம் சமுதாயம் தன் வீட்டுக் கதவு வழியாகவே அறிந்தது என்பதால், குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டவரிடம் யாரும் திருப்பித் தராத ஆண்டுகளின் எடை நமக்கு விளக்கப்பட வேண்டியதில்லை.

தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் நீதிபதி ஏ.ஜே. சதாசிவா தலைமையில் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. அக்குழு மக்களைக் கேட்டு அறிக்கை அளித்தது. 2007 ஜனவரியில், பாதிக்கப்பட்ட 89 பேருக்கு ரூ.2.80 கோடி இழப்பீடு வழங்க ஆணையம் பரிந்துரைத்தது. இழப்பீடு என்பது குற்றம் நிகழ்ந்ததென அரசின் அமைப்பே ஏற்றுக்கொள்வதற்குச் சமம். ஆனால் குற்றம் இழைத்தவர் யார் என்பது அந்தத் தொகையில் எழுதப்பட்டிருக்கவில்லை.

இதனருகே வாச்சாத்தியை வைத்துப் பார்க்கலாம். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டைகளைத் தேடுவதாகச் சொல்லி, வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் தருமபுரி மாவட்டத்தின் அச்சிற்றூருக்குள் நுழைந்தனர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர், வீடுகள் சூறையாடப்பட்டன. குற்றம் சாட்டப்பட்ட 269 பேருள் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகளென 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி முதன்மை அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நாம் பேசும் இரு தொடர்களும் வெளிவந்த அதே ஆண்டில், அவ்விரு வெளியீடுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் வந்த தீர்ப்பு அது. இதற்காக முப்பத்தோராண்டு காலம் நீதிமன்றப் படியேறிய பெண்களின் உறுதிக்கு இணையான வீரம் எந்தத் துப்பாக்கிச் சமரில் உண்டு? சமர் என்னும் சொல்லின் பொருளை நாம் விரித்துக்கொண்டாலன்றி, இவ்வீரம் நம் கண்ணுக்குத் தெரியாது.

பாப்பாரப்பட்டி இரவு

இனி, 2004 அக்டோபர் 18. கண் சிகிச்சைக்காக வெளியே வந்த வீரப்பனும் சேத்துக்குளி கோவிந்தன், சந்திரகௌடா, சேதுமணி ஆகிய கூட்டாளிகளும் தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே ஆம்புலன்ஸ் வண்டி ஒன்றில் வந்தபோது, கே. விஜயகுமார் தலைமையிலான தமிழக அதிரடிப்படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். சரணடையச் சொல்லி எச்சரித்ததாகவும், அவர்கள் சுட்டதால் திருப்பிச் சுட்டதாகவும் காவல்துறை கூறுகிறது. அது நம்பத்தக்கதன்று என்று மனித உரிமை அமைப்புகள் சில அப்போதே வினவின.

மேலே கூறிய அளவுகோலை இங்கு வைத்துப் பார்ப்போம். அவ்விரவின் செய்தி எண்ணற்ற நூல்களிலும் நேர்காணல்களிலும் படங்களிலும் வந்திருப்பதால், அது பலர் பல வழிகளில் அறிவித்த 'முத்தவாத்திர்' செய்திபோல் தோற்றம் தருகிறது. ஆயின் ஒவ்வொரு வழியையும் பின்தொடர்ந்து சென்றால், அவையனைத்தும் ஒரே ஊற்றில் சென்று முடிகின்றன. அது அங்கே துப்பாக்கியோடு நின்ற தரப்பு. மற்றத் தரப்பினர் நால்வரும் பேசவியலாதவர். ஒரே ஊற்றிலிருந்து வந்தது என்பதால் ஒரு செய்தி பொய்யாகிவிடாது. நம் அறிஞர்கள் தனி அறிவிப்பை அதற்காகவே தள்ளியதும் இல்லை. ஆனால் அதன் தரத்தை மறைக்காமல் சொன்னார்கள். அந்த நேர்மையையே ஆவணப்படத்திடமும் எதிர்பார்க்கிறோம். வண்டியைச் சூழ்ந்த இருட்டையும் வெடியோசையையும் நேரில் கண்டதுபோல் திரையில் எழுப்பும்போது, ஒரு தரப்பின் கூற்று அனைவரும் கண்ட காட்சியாக உயர்வு பெற்றுவிடுகிறது. இரண்டொரு மாற்றுக் குரல்களை அதனருகே வைத்தாலும் இந்தச் சமனின்மை நீங்குவதில்லை. சொல்லைவிடக் காட்சிக்கு நினைவில் ஆயுள் அதிகம்.

சமர் முடிந்ததும் அதிரடிப்படையினருக்குப் பதவி உயர்வும், வீட்டு மனையும், தலா ரூ.3 லட்சம் பரிசும் அறிவிக்கப்பட்டன. பத்தாண்டுகள் கழித்து, 2014 செப்டம்பர் 23 அன்று, மகாராஷ்டிர அரசுக்கு எதிரான மக்கள் சிவில் உரிமைக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் 16 நெறிகளை வகுத்தது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் மரணம் நேர்ந்தால் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும். தொடர்பற்ற வேறு பிரிவு புலனாய வேண்டும். நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும். வீரம் ஐயமற நிறுவப்படும்வரை உடனடிப் பரிசும் முறைமீறிய பதவி உயர்வும் கூடா என்பன அவற்றுட் சில. சாட்சி சொல்பவருக்கு அச்சாட்சியால் ஆதாயம் இருத்தலாகாது என்று நம் ஃபிக்ஹு நூல்கள் பேசும் எச்சரிக்கையும் இந்நெறியும் ஒரே அறத்தில் வேர்கொண்டவை. இந்நெறியின் ஒளியில் 2004ஐத் திரும்பிப் பார்க்கும் ஒரு பகுதியை இத்தொடர்கள் ஆக்கியிருந்தால், அதுவே அவற்றின் மிகச் சிறந்த பகுதியாக அமைந்திருக்கும்.

நம் ஊர்க் கல்வெட்டு

இவ்வளவும் எங்கோ மலைநாட்டில் நடந்தவை என்று காஞ்சி மண்ணில் இருக்கும் நாம் ஒதுங்கிவிட இயலாது. இரண்டாம் தொடர் வெளியாகி இருவாரம்கூட நிறையாத நிலையில், 2023 டிசம்பர் 27 அன்று, கொலை வழக்கில் தேடப்பட்ட இருவர் காஞ்சிபுரம் நகரில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். தாக்க வந்ததால் சுட்டதாகக் காவல்துறை தெரிவித்தது. அச்செய்தி வந்த காலையில் உத்திரமேரூர்ப் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில் நாம் கேட்ட பேச்சு மறக்கவியலாதது. "இப்படித்தான் செய்ய வேண்டும்" என்றார் ஒருவர். "சினிமா மாதிரியே இருக்கிறது" என்றார் மற்றொருவர். உண்மையில் என்ன நடந்தது என்று கேட்டவர் ஒருவருமில்லை. காவல்துறை சொல்வது பொய் என்பது நம் வாதமன்று. கேட்க வேண்டும் என்னும் எண்ணமே எழாத அளவுக்கு நாம் பார்வையாளர்களாகப் பழகிவிட்டோம் என்பதே நம் கவலை. ஒருவர் கொலைக்குற்றம் புரிந்தவராகவே இருக்கலாம். அவரைத் தண்டிக்க நீதிமன்றம் இருக்கிறது. அவ்வாயிலைக் கடவாமல் போகும் ஒவ்வோர் உயிருக்கும் விளக்கம் கேட்கும் உரிமை குடிமக்களுக்கு உண்டு.

அந்தத் தேநீர்க் கடையிலிருந்து நடக்கும் தொலைவில்தான் வைகுண்டப் பெருமாள் கோயிலின் கல்வெட்டுகள் இருக்கின்றன. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளையொட்டி வெட்டப்பட்டவை. குடவோலை முறைக்காக அவை உலகப் புகழ் பெற்றவை. பள்ளிப் பிள்ளைகள் அதை மட்டுமே மனப்பாடம் செய்கின்றனர். அக்கல்வெட்டின் வேறொரு விதியை நாம் பெரிதாக மதிக்கிறோம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் வாரியத்துக்குப் பெயர் எழுதத் தகுதியற்றவர் என்பது அது. அச்சபை நிலமுடைய பிராமணர்க்கு மட்டுமே உரிய சபையாக இருந்தது. அதன் குறை வெளிப்படை. ஆயினும், ஏரியையும் தோட்டத்தையும் பொன்னையும் பார்த்துக்கொள்ளும் சிறிய அதிகாரம் பெற்றவரும் கணக்குக் காட்ட வேண்டும் என்னும் தெளிவு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இவ்வூரில் கல்லில் பொறிக்கப்பட்டிருந்தது. பொன்னுக்கே கணக்கு வேண்டுமெனில், உயிர் பறிக்கும் அதிகாரத்துக்கு எத்துணைக் கணக்கு வேண்டும்!

இந்தக் கணக்கைக் கேட்பதற்குரிய ஊடகமாக ஆவணப்படம் வளர முடியும். முதியோர் மறைந்துகொண்டிருக்கின்றனர். மலைக்கிராமத்து மக்களின் நினைவைப் பதிவுசெய்ய இன்னும் சில ஆண்டுகளே எஞ்சியுள்ளன. இவ்விரு தொடர்களும் அப்பணியைத் தொடங்கி வைத்தன என்பதற்காக அவற்றுக்கு நன்றி கூறுகிறோம். அடுத்து வருபவர் வேட்டையின் வடிவத்தைக் கைவிட்டு, விசாரணையின் வடிவத்தைக் கைக்கொள்ள வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். அத்தொடரில் தோட்டாவின் பாதை குறைவாகவும் வழக்குக் கட்டுகளின் பாதை மிகுதியாகவும் இருக்கும். விறுவிறுப்புக் குறையலாம், உண்மை மிகும்.

நம் மாணவருக்கு நாம் சொன்ன விடை சுருக்கமானது. "ஒவ்வொருவரும் தாம் கண்டதை மட்டும் சொல்லும் இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தம் செயலுக்கு நியாயம் சொல்லத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி வினவுங்கள். சொல்பவர் இல்லாமல் படம் மட்டும் ஓடும் இடத்தில் கண்ணை நம்பாதீர்கள்" என்றோம். அவர் சிறிது நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "அந்த வண்டியில் ஏற்றிச் செல்லப்பட்டவர்களின் பெயர்களைத் தொடரில் சொன்னார்களா, ஹஜ்ரத்? எனக்கு ஒன்றும் நினைவில் நிற்கவில்லை" என்றார். வீரப்பனின் பெயரும், அவரைச் சுட்டவர்களின் பெயர்களும் அவருக்கு நினைவிலிருந்தன. நமக்கும் அவ்வாறே. பாலாற்றங்கரையில் மாண்ட அந்த எளியவருள் ஒருவரின் பெயரையேனும் நம்மால் அப்போது சொல்ல இயலவில்லை.